ஒரே மாடிப்படி, மூன்று அணிகள்: பள்ளி விளையாட்டு வட்டங்கள் பிறந்த கதை

சென்ற இதழில் நம் மைதானத்து விளக்குகளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அந்த விளக்குகளின் கீழ் நடந்த ஒரு சிறு உரையாடலில் இருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

எங்கள் பிளாக்கில் மூன்று பெண் பிள்ளைகள். ஒருத்தி தரைத்தளம், ஒருத்தி முதல் தளம், ஒருத்தி எங்கள் எதிர்வீடு. மூவரும் ஏறக்குறைய ஒரே வயது. மாலை ஐந்தரை மணியானால் மூவரும் வாலிபால் கோர்ட்டில் இருப்பார்கள். ஒருத்தி தூக்கிக் கொடுக்க, இன்னொருத்தி அடிக்க, மூன்றாமவள் பின்னால் நின்று விழாமல் எடுக்க, பார்ப்பதற்கு ஒரே அணிபோல இருக்கும். இந்த ஆண்டு மூவருமே அவரவர் பள்ளி அணியில் இடம்பிடித்துவிட்டார்கள். பாராட்டச் சென்றேன். எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "அங்கிள், நாங்க மூணு பேரும் ஒரே டீமா போட்டிக்குப் போக முடியாதா?"

முடியாது என்றேன். "சரி, ஒருத்தரை எதிர்த்து ஒருத்தராவது ஆடுவோமா?" அதுவும் அநேகமாக நடக்காது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஒருத்தி நம் அணுசக்தி மத்தியப் பள்ளியில் படிக்கிறாள். ஒருத்தி கல்பாக்கம் கேந்திரிய வித்யாலயா. மூன்றாமவள் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. ஒரே மாடிப்படியில் இறங்கிப் போகிறார்கள், ஆனால் விளையாட்டில் மூவரும் மூன்று வேறு வட்டங்களைச் சேர்ந்தவர்கள். அந்த வட்டங்களை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆட்டம் வேறு, வட்டம் வேறு

இரண்டு பள்ளிகள் மோதினால் அது ஆட்டம். அதற்கு இரண்டு தலைமையாசிரியர்கள் சம்மதித்தால் போதும். இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1879 முதல் கிரிக்கெட்டில் மோதி வருகின்றன. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கிய ஆட்டத்தை 'வடக்கின் பெரும் போர்' என்றே இன்றும் அழைக்கிறார்கள். பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருந்தெல்லாம் அதைப் பார்க்க ஊர் திரும்புகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு பள்ளி 'நாங்களும் வரலாமா' என்று கேட்கும் நாளில்தான் வட்டம் பிறக்கிறது. அப்போது சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எந்தப் பள்ளிகளைச் சேர்ப்பது? எந்த வயது வரை? செலவு யாருடையது? மைதானம் எங்கே? தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு? உலகின் எந்தப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் வரலாற்றை எடுத்தாலும், இந்த ஐந்து கேள்விகளுக்கு அது சொன்ன பதில்களின் வரலாறாகத்தான் இருக்கும்.

நியூயார்க் நகரில் 1903-இல் லூதர் குலிக் என்பவர் அரசுப் பள்ளிகளுக்கென்று ஒரு விளையாட்டு லீக்கைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த முதல் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் கலந்துகொண்டார்கள். 1905-இல் பெண்களுக்கும் ஒரு கிளை தொடங்கினார்கள். ஆனால் பள்ளிக்குப் பள்ளி மோதும் போட்டி பெண்களுக்கு வேண்டாம் என்று விதி செய்து, நாட்டுப்புற நடனத்தையே பெரிதும் கற்றுக் கொடுத்தார்கள். நம் மூன்று பெண்கள் அந்தக் காலத்து நியூயார்க்கில் பிறந்திருந்தால் பள்ளி அணி என்ற பேச்சே இருந்திருக்காது.

1920-இல் அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் சிகாகோவில் கூடிப் பேசின. கல்லூரிகளும் வெளிக் கிளப்புகளும் தங்கள் விருப்பத்துக்குப் போட்டி நடத்திப் பள்ளிப் பிள்ளைகளை இழுத்துச் செல்வதை நிறுத்த வேண்டும், பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு பள்ளிகளின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது அவர்களின் கவலை. இன்றைய அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்புக்கு அங்கேதான் விதை போடப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1915-இல், ஜப்பான் தன் தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியைப் பத்து அணிகளோடு தொடங்கிவிட்டது. அங்கே பெரும்பாலான மாகாணங்களுக்குத் தலா ஓர் இடம் என்பது இன்றைய கணக்கு. ஜெயிக்கும் பள்ளி தன் மாகாணம் முழுவதுக்கும் பிரதிநிதி ஆகிவிடும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்து நந்தனத்துக்கு

மேலே சொன்ன லூதர் குலிக்குக்கு நம் வாலிபால் கோர்ட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அவர் முன்பு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியவர். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் கேட்டதற்காக, ஜேம்ஸ் நைஸ்மித் 1891-இல் உருவாக்கியதுதான் பேஸ்கட்பால். அதே பள்ளியில் படித்த வில்லியம் மார்கன் 1895-இல் உருவாக்கியது வாலிபால்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919-இல் சென்னைக்கு வந்தார். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு பக் மேலாளராகப் போனார். 1943-இல் இறக்கும் வரை அவருடைய வாழ்க்கை சென்னையிலேயே கழிந்தது.

அதற்கு முன் நம் பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து வந்தவர். வரிசையில் நிற்க வைப்பதும் கையைக் காலை ஆட்ட வைப்பதும் அவர் வேலை. பக் பயிற்சி கொடுத்து அனுப்பியவர்கள் தென்னிந்தியா முழுவதும் பள்ளிகளுக்குப் போனார்கள். டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில் பி.டி. சார் வந்தார். அவருக்கு விதிகள் தெரியும், கோடு போடத் தெரியும், விசில் ஊதத் தெரியும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருப்பவர் தன்னோடு படித்தவர் என்பதால் ஒரு போஸ்ட் கார்டு போட்டு ஆட்டம் வைத்துக்கொள்ளவும் முடியும். பள்ளிகளுக்கு இடையே வட்டம் உருவாக வேண்டுமானால் முதலில் ஒரே விதிகளைப் படித்த ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்க வேண்டும். அந்த அடித்தளத்தை இங்கே போட்டது அந்தக் கல்லூரி.

1954: நாடு முழுவதற்கும் ஒரு குடை

சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. ஆண்டுதோறும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது அதன் முக்கிய வேலை. அதன் உறுப்பினர்கள் பள்ளிகள் அல்ல, மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலமும் தன் பள்ளிகளில் இருந்து ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

அந்த ஆண்டில் நம் மாநிலத்தின் எல்லை எது என்று யோசித்துப் பாருங்கள். ஆந்திரம் 1953 அக்டோபரில் பிரிந்துவிட்டது. மலபாரும் தென் கன்னடமும் இன்னும் மதராஸ் மாநிலத்தில் இருந்தன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் வந்தபோது அவையும் போயின, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. மாநிலம்தான் உறுப்பினர் என்றால், மாநிலத்தின் எல்லை மாறும்போது கோழிக்கோட்டுப் பையன் யாருக்காக ஓடுவான் என்பதும் மாறிவிடும். அவன் அதே மைதானத்தில்தான் ஓடுகிறான், மேலே உள்ள பெயர்தான் வேறு.

இந்தத் தேசிய மேடையின் அருமைக்கு ஒரு பெயர் போதும். 1979 தேசியப் பள்ளி விளையாட்டுகளில் தனிநபர் சாம்பியன் பட்டம் வென்று நாட்டுக்கு அறிமுகமானவர் பி.டி. உஷா. ஐந்து ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்டார்.

நம் மாநிலத்தின் ஏணி

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகளில் முதல் படி குறுவட்டம். அருகருகே உள்ள பள்ளிகள் சேர்ந்தது ஒரு குறுவட்டம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாம் இதில் உண்டு. ஆண்டுக்கு ஒரு பள்ளி பொறுப்பேற்று நடத்தும். அங்கே ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற இரண்டு பெயர்களில் இந்தப் போட்டிகள் நடக்கும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். மாவட்டத்தில் இதைப் பார்த்துக்கொள்பவர் உடற்கல்வி ஆய்வாளர்.

நான் இந்த ஏணியின் முதல் படியில் ஏறி இரண்டாம் படியில் இறங்கியவன். 1983. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஷூ கிடையாது. குறுவட்டத்தில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தேன். மாவட்டப் போட்டிக்கு எங்கள் பி.டி. சார் மூன்று பையன்களை பஸ்ஸில் அழைத்துப் போனார். டிக்கெட் அவர் கைக்காசு. அவர் வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துச் சாப்பிட்டோம். மைதானத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதுச் சான்று கேட்டார். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் பள்ளியிலேயே தங்கிவிட்டது. சார் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். விதி விதிதான். வரிசையில் மற்றப் பையன்கள் நிற்க, நான் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ஓடியிருந்தால் ஜெயித்திருப்பேனா தெரியாது. திரும்பி வரும்போது சார் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது அந்த மேசைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயதில் பொய் சொல்லி ஆட வைப்பது பள்ளி விளையாட்டின் தீராத நோய். பதினெட்டு வயதுப் பையன் பதினான்கு வயதுப் பிரிவில் ஓடினால், உண்மையான பதினான்கு வயதுப் பையன் விளையாட்டையே விட்டுவிடுவான். அதைத் தடுக்க இருக்கும் ஒரே காவல் அந்தத் தாள். நான் இழந்தது ஒரு தாளின் விலை.

மாவட்டம் மாறினால் எதிராளியும் மாறுவார்

நான் ஓடப் போன அந்த மாவட்டம் இன்று இல்லை. பெயர் செங்கல்பட்டு, தலைநகரம் காஞ்சிபுரம். வடக்கே பழவேற்காடு ஏரி, கும்மிடிப்பூண்டி, மேற்கே திருத்தணி, தெற்கே செய்யூர் வரை ஒரே மாவட்டம். சதுரங்கப்பட்டினத்துப் பையன் பொன்னேரிப் பையனோடு ஓட வேண்டும். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. நம் பகுதிப் பள்ளிகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வந்தன. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு திருக்கழுக்குன்றத்துப் பள்ளி, இருந்த இடத்தில் இருந்து ஓர் அங்குலமும் நகராமல், செங்கல்பட்டு அணி, காஞ்சிபுரம் அணி, மீண்டும் செங்கல்பட்டு அணி என்று இரண்டு முறை பெயர் மாற்றிக்கொண்டது.

இதில் நன்மையும் உண்டு, சிரமமும் உண்டு. மாவட்டம் சிறியதானால் பயணம் குறையும், மாநிலப் போட்டிக்குச் செல்லும் அணிகளின் எண்ணிக்கை கூடும். நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் எட்டு வட்டங்களில் திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் இருக்கின்றன. தாம்பரம், பல்லாவரம், வண்டலூரும் இருக்கின்றன. செம்மண் தரையில் பழகும் நம் கடலோரக் கிராமத்துப் பள்ளி மாவட்டப் போட்டிக்குப் போனால், எதிரே நிற்பது புறநகரின் பெரிய பள்ளியாக இருக்கலாம். அவர்களிடம் பயிற்சியாளர் தனி, வண்டி தனி. எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பது யாருக்கு வாய்ப்பு என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது.

இடத்தால் உறவு, நிர்வாகத்தால் உறவு

இதுவரை சொன்னது இடத்தால் வரும் உறவு. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஒரே வட்டம். இன்னொரு வகை, நிர்வாகத்தால் வரும் உறவு. நம்மைப் போன்ற ஊர்களில் இதுதான் அதிகம்.

ஊர் ஊராக மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-இல் இருபது ராணுவப் படைப்பிரிவுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கியது கேந்திரிய வித்யாலயா. தந்தைக்கு எங்கே மாற்றலானாலும் பிள்ளைக்கு அதே பாடம், அதே சீருடை, அதே சிவாஜி, தாகூர், ராமன், அசோகா ஹவுஸ். விளையாட்டும் அப்படியே. பள்ளியில் இருந்து சென்னை மண்டலம், அங்கிருந்து சங்கதனின் தேசியப் போட்டி, அங்கிருந்து தேசியப் பள்ளி விளையாட்டுகள். அங்கே கேந்திரிய வித்யாலயா ஒரு மாநிலத்தைப் போலவே தனி உறுப்பினர்.

நம் அணுசக்திக் கல்விச் சங்கம் 1969-இல் மும்பையில் தொடங்கியது. நம் பிள்ளைகளின் பள்ளிக்குத் தாராப்பூரிலும் ராவத்பாட்டாவிலும் கைகாவிலும் கூடங்குளத்திலும் உடன்பிறப்புகள் இருக்கின்றன. பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ. ஆகவே போட்டிக்கு வழி சி.பி.எஸ்.இ. வைத்திருக்கும் கிளஸ்டர், மண்டலம், தேசியம் என்ற ஏணி. சி.பி.எஸ்.இ.யும் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பில் ஒரு தனி உறுப்பினர்தான். நவோதயா, வித்யா பாரதி, 1939-இல் உருவான இந்தியப் பப்ளிக் ஸ்கூல்ஸ் மாநாடு போன்றவையும் அங்கே தனித்தனி உறுப்பினர்கள்.

1954-இல் மாநிலங்களின் சங்கமாகத் தொடங்கியது, பிறகு மாநிலங்களும் நிர்வாகங்களும் கலந்த சங்கமாக மாறிவிட்டது. ஒரு மாணவர் ஓர் ஆண்டில் ஏதாவது ஓர் உறுப்பினருக்காகத்தான் ஆட முடியும். அது நியாயமான விதி. இல்லாவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு வாசல் வழியாக நுழைந்து இரண்டு பேரின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இப்போது பதில் சொல்லலாம். நீங்கள் மூவரும் மூன்று ஏணிகளில் நிற்கிறீர்கள். ஒருத்தி மாவட்டம் ஏற வேண்டும், ஒருத்தி கேந்திரிய வித்யாலயா மண்டலம் ஏற வேண்டும், ஒருத்தி சி.பி.எஸ்.இ. கிளஸ்டர் ஏற வேண்டும். மூவரும் உச்சிக்குப் போனால் ஏதோ ஒரு வடமாநில நகரத்தில் தேசியப் போட்டியில் வலைக்கு இருபுறமும் சந்திப்பீர்கள். மாடிப்படியில் தினமும் சந்திக்கிறவர்கள் போட்டியில் சந்திக்க இரண்டாயிரம் கிலோமீட்டர் போக வேண்டும்.

ஏன் இது பெரியவர்களுக்கும் முக்கியம்

'பிள்ளைகள் விளையாட்டுதானே' என்று சிலர் நினைக்கலாம். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் நான்கு வகைச் சான்றுப் படிவங்கள் உண்டு என்பது நம் குடியிருப்பில் பலருக்குத் தெரியும். அதில் நான்காம் படிவம் தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனியே 500 இடங்கள் இருக்கின்றன. ஒரு தாள் ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றும்.

அதனால் வட்டத்தின் நிர்வாகம் சரியாக நடப்பது மிக முக்கியம். 2023 ஜூன் மாதத்தில் வடமாநிலங்களில் தேசியப் பள்ளி விளையாட்டுகள் நடந்தபோது தமிழ்நாட்டு அணி போகவில்லை. அழைப்பின் மேல் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்காததே காரணம் என்று தெரிந்து, பொறுப்பில் இருந்தவர் மீது துறை நடவடிக்கை எடுத்தது. நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாதே. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி வந்த பிள்ளைகள் கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். 1983-இல் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது புளிச்சோற்றின் வாசனை வந்தது.

நல்ல செய்திகளும் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் நடந்தபோது தமிழ்நாடு பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிரிவு இருக்கிறது. எந்த வாரியம், எந்த நிர்வாகம் என்று பார்க்காமல் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே களத்துக்கு வர அது ஒரு வாசல். நம் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் சந்திக்க இப்போது இருக்கும் குறுக்கு வழி அதுதான். முன்பதிவு இணையத்தில் நடக்கும். அறிவிப்பு வந்ததும் நம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால், ஒருவருக்காவது உதவும்.

நம்மால் ஆவது

பள்ளிகளின் ஏணிகளை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்த ஏணிகளுக்கு வெளியே, கீழே தரையில், ஒரு சிறு வட்டம் போட நமக்கு யார் தடை? செயற்குழுவின் பார்வைக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு இரண்டு முறை, தேர்வு இல்லாத வாரங்களில், பிள்ளைகளுக்கான வாலிபால், கபடி, கேரம் போட்டிகள். அணி பள்ளியால் அல்ல, பிளாக்கால். அப்படிச் செய்தால் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடுவார்கள்.

இரண்டாவது, உரிய அனுமதி பெற்று, நெய்க்குப்பியோ நெரும்பூரோ சதுரங்கப்பட்டினமோ, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளின் அணிகளையும் ஒரு நாள் அழைப்பது. நம் வீடுகளில் வேலைக்கு வரும் பலரின் பிள்ளைகள் படிப்பது அந்தப் பள்ளிகளில்தான். அவர்களோடு நம் பிள்ளைகள் ஒரே கோர்ட்டில் நின்று ஆடியது எத்தனை முறை? கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று சொல்கிறது. நம்மிடம் மைதானம் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. ஞாயிறு காலை அது காலியாகவே கிடக்கிறது.

மூன்றாவது, பெண் பிள்ளைகளின் அணி வெளியூர் போகும்போது கூடச் செல்ல ஆசிரியை கிடைக்காமல் போட்டியே தவறிப்போவது பல ஊர்களில் நடக்கிறது. பள்ளி சம்மதித்தால் துணைக்குச் செல்லத் தயாராக இருக்கும் தாய்மார்களின் பட்டியல் ஒன்று நம்மிடம் இருக்கட்டும்.

இந்த வட்டத்துக்கும் அதே ஐந்து கேள்விகள்தான். யார் சேரலாம், எந்த வயது, யார் செலவு, எந்த மைதானம், யார் சொல்வது முடிவு. ஒரே ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். குறிப்பாக முதல் கேள்விக்கான பதிலை மட்டும் கொஞ்சம் தாராளமாக எழுதுவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை போட்டிக்குப் போகும் அன்று பிறப்புச் சான்றின் நகல், ஆதார் நகல், பள்ளி கொடுத்த தகுதிப் படிவம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வையுங்கள். செல்போனிலும் ஒரு படம் இருக்கட்டும். பெற்ற சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்க்கும் இடத்தில் சில நேரம் அதுவே சிக்கலாகிறது.

இந்தப் பகுதியில் குறுவட்டப் போட்டிகளில் ஆடிய பெரியவர்கள் நம்மிடையே நிச்சயம் இருப்பீர்கள். உங்களிடம் பழைய அணிப் படமோ, சான்றிதழோ, நினைவோ இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்த்து வெளியிடலாம்.

நேற்று மாலை எதிர்வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அப்போ பிளாக் டீம்ல நாங்க மூணு பேரும் ஒண்ணா ஆடலாம், இல்ல அங்கிள்?" என்றாள். ஆடலாம் என்று சொல்லிவிட்டேன். செயற்குழு என்னைக் கைவிடாது என்று நம்புகிறேன்.